குளம் பெருகினால் வாத்து தெரியாது

ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்து, நெல்லைச் சீமையில் குளமெல்லாம் நிரம்பி மறுகால் வழியே வழிந்து பாய்ந்த வருடம் என்று வைத்துக்கொள்வோம். தை மாதம் கரையேறிப் பார்த்தால் நாலைந்து முக்குளிப்பானும், தூரத்தில் ஒரு நாமக்கோழிக் கூட்டமும்தான் கண்ணில் படும். “தண்ணி இவ்வளவு கிடந்தும் இந்த வருசம் வாத்து வரலையே” என்று டீக்கடையில் பேச்சு வரும். அடுத்த வருடம் மழை பொய்க்கும். பத்துக் குளத்தில் ஒன்பது வறண்டு, மிஞ்சிய ஒன்றில் வாத்து மொய்க்கும். உடனே “இந்த வருசம் நல்ல வரத்து” என்பார்கள். இரண்டு முடிவும் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வந்த பறவைகள் இரண்டு வருடமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்திருக்கலாம். மாறியது அவை பரவி உட்கார்ந்த பரப்பு.

இதை விளங்கிக்கொள்ள, வாத்தையும் வானிலையையும் சேர்த்துப் பார்த்தே பழகியவர்களின் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. அவர்கள் குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாத்து வேட்டை இன்றும் உரிமம் பெற்று, பருவ வரம்போடு நடக்கிறது. அங்கே வேட்டைக்காரன் முதலில் பார்ப்பது தண்ணீர் எதுவரை உறைந்திருக்கிறது என்பதை. வாத்துக்குக் குளிர் பெரிய தொல்லை இல்லை. இறகுக்கு அடியில் இருக்கும் தூவி அதைத் தாங்கும். இரை எடுக்கும் ஆழமற்ற தண்ணீர் உறைந்துபோனால்தான் அதற்குப் பட்டினி. அதனால் வடக்கே பனிக்கட்டி கீழிறங்க இறங்க, கூட்டமும் தெற்கே நகர்ந்துகொண்டே வரும். 1995 நவம்பர் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் கடும் குளிர்க்காற்று ஒன்று திடீரென்று இறங்கியபோது, லட்சக்கணக்கான வாத்துகள் ஒரே வீச்சில் கிளம்பின. ஓமஹா, கன்சாஸ் சிட்டி விமான நிலையங்களின் ராடார் திரைகளைப் பறவைக் கூட்டமே மறைத்து, விமானங்கள் நின்றன.

வாத்தைக் கொண்டுவரும் வானிலை ஆளையும் கொல்லும். 1940 நவம்பர் 11 காலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இதமான வெப்பம். வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்கியதைக் கண்டு வேட்டைக்காரர்கள் ஆற்றுத் தீவுகளிலேயே தங்கிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் பனிப்புயல் அடித்தது. அந்தப் புயலில் நாடு முழுக்க இறந்தவர்கள் சுமார் 150 பேர். மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர். அவர்களில் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். புயலுக்கு முன்னால் பறவை அவ்வளவு வேகமாக வந்ததே எச்சரிக்கைதான். படிக்கத் தெரிந்தவர்களும் அன்று அதை லாபமாகப் படித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் துப்பாக்கி பேசியது. பரத்பூர் சதுப்பில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சிறு வேட்டைக்கு உரிமம் தரும் வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. சுடுவது மட்டும்தான் வேட்டை என்று இல்லை. வலை வைப்பது, கண்ணி போடுவது, விஷம் வைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான குற்றங்களுக்கே மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வறண்ட வருடத்தில் சாலையோரம் “காட்டு வாத்துக் கறி” என்று கிசுகிசுப்பாக விற்பவரும் வாங்குபவரும் இதை அறிந்திருப்பது நல்லது. அதே 1991-ல்தான் அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. குளத்தடியில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கிய வாத்துகள், குண்டு படாமலேயே செத்துக்கொண்டிருந்தன.

ஆக, வேட்டைக்காரனின் வானிலை அறிவு இங்கே பறவை எண்ணுகிறவருக்குத்தான் பயன்படும். அதிலும் ஒரு பெரிய திருத்தம் செய்த பிறகே பயன்படும். பாளையங்கோட்டையில் மார்கழியில்கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே குளம் உறையப்போவதில்லை. இங்கே வாத்தை நகர்த்துவது தண்ணீரின் ஆழம்.

வலசை வரும் வாத்துகளில் நம் குளங்களில் மிகுதி நீலச்சிறகி. அதோடு ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, நாமத்தலை வாத்து. எல்லாமே மேல்நீரில் மேய்கிறவை. தலையைக் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் தூரத்தில் இருக்கும் விதையையும் பாசியையும் புழுவையும் எடுக்கும். கிளுவைக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் தண்ணீர் போதும். நீலச்சிறகிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடலாம். கழுத்து நீண்ட ஊசிவால் வாத்து நாற்பது சென்டிமீட்டர் வரை எட்டும். தட்டைவாயன் அகன்ற அலகால் மேல்நீரை வடிகட்டித் தின்பதால் ஆழத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கரைக்கு இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும் குளம் இவற்றுக்கு உறங்கும் இடமே தவிர, உண்ணும் இடம் இல்லை.

நம் குளங்களின் அமைப்பை இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நிலம் மேற்கே பொதிகை மலையிலிருந்து கிழக்கே கடல் நோக்கிச் சரிவதால், பெரும்பாலான குளங்களுக்குக் கரையும் மடையும் கிழக்குப் பக்கம், ஆழமும் அங்கேதான். மேற்கே, தண்ணீர் உள்ளே வரும் உள்வாய்ப் பக்கம் தரை மிக மெதுவாக ஏறும். ஐந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் தரை என்றால், நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் இறங்கும்போது ஐம்பது மீட்டர் அகலச் சேறு வெளிப்படும். அந்தச் சேற்று விளிம்புதான் பந்தி. மடை திறந்து பிசான நெற்பயிருக்குப் பாய்ச்சப் பாய்ச்ச, விளிம்பு நாள்தோறும் கிழக்கே நகரும். வாத்தும் உள்ளானும் அதன் பின்னாலேயே நகரும். குளம் நிறைந்து மறுகால் பாயும்போது இந்த விளிம்பு கருவேல மரங்களுக்குள்ளும் கோரைக்குள்ளும் ஒளிந்துவிடும். வாத்து அங்கே இருந்தாலும் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

மழை மிகுந்த வருடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்தும் பிரியும் கால்வாய்களை நம்பிய குளங்கள் சுமாரான வருடத்திலும் ஓரளவு நிரம்பும். நாங்குநேரி, ராதாபுரம், மானூர் பக்கத்து மானாவாரிக் குளங்கள் அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால்தான் அவற்றில் தண்ணீர். அந்த மழை நன்றாகப் பெய்தால் திடீரென்று நூற்றுக்கணக்கான சிறு குளங்களும், வயல் பள்ளங்களும், சாலையோரக் குட்டைகளும் ஆழமற்ற தண்ணீரோடு தயாராகிவிடும். வாத்துக்குக் கல்யாண விருந்து. இருபது இங்கே, முப்பது அங்கே என்று சிதறிவிடும். எண்ணுகிறவர்கள் வழக்கமாகப் போகும் பெரிய குளங்களில் கணக்கு சரியும். இது போதாதென்று, வழியில் தக்காணத்து ஏரிகள் நிறைந்து கிடந்தால் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடவும் கூடும்.

2016 இதற்கு நேர் எதிர். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அப்படிப்பட்ட வருடத்தில் மிச்சத் தண்ணீர் உள்ள குளம் சந்தை மாதிரி ஆகிவிடும். பார்ப்பதற்கு அழகு. பறவைக்கோ நெருக்கடி: இரை சீக்கிரம் தீரும், நோய் சீக்கிரம் பரவும், வலை வைக்கிறவனுக்கும் வேலை சுலபம். ஒரு குளத்துக் கணக்கு ஏறியிருக்கிறதே என்று மகிழும் முன், சுற்றியுள்ள பத்துக் குளங்களில் எத்தனையில் தண்ணீர் இருந்தது என்று கேட்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழை வேறு விதம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணியில் வெள்ளம் பெருகி, கீழ்ப்பகுதியில் பல குளங்கள் உடைத்துக்கொண்டன. உடைந்த குளம் இரண்டு வாரத்துக்கு வாத்துக்கு ஏற்ற சேறாகக் கிடக்கும். பிறகு காய்ந்துவிடும், ஏனென்றால் தை மாசியில் அதை மறுபடி நிரப்ப மழை வராது. சீசன் நடுவில் கூட்டம் இடம் மாற வேண்டியிருக்கும். ஆகவே எண்ணிக்கைப் படிவத்தில் “கரை உடைந்தது” என்ற இரண்டு சொல்லை எழுதாமல் விட்டால், பத்தாண்டு கழித்து அட்டவணையைப் பார்ப்பவர் அந்த வீழ்ச்சிக்கு இல்லாத காரணமெல்லாம் கற்பிப்பார்.

வரித்தலை வாத்தின் கதை தனி. மங்கோலியாவிலிருந்தும் திபெத் மேட்டு நிலத்திலிருந்தும் இமயத்தைத் தாண்டி, ஏழாயிரம் மீட்டர் உயரத்தையும் தொட்டுப் பறந்து கூந்தன்குளத்துக்கும் விஜயநாராயணம் பெரியகுளத்துக்கும் வருவது. இது தண்ணீரில் மேய்வதைவிடத் தரையில் புல் மேய்வதே அதிகம். குளம் இறங்கிய விளிம்பில் முளைக்கும் இளம்புல்லும் அறுத்த வயலின் துளிரும்தான் இதன் சாப்பாடு. தண்ணீர் ஓய்வெடுக்கவும் பாதுகாப்புக்கும். நிரம்பி வழியும் குளத்தில் புல் விளிம்பே இருக்காது. எனவே மார்கழி முதல் வாரத்தில் காணோம் என்று பதற வேண்டியதில்லை. தண்ணீர் இறங்கிய தை மாதத்தில், குளத்தில் தேடுவதோடு சுற்று வயல்களிலும் தேட வேண்டும். கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமாகி, 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அறிவிக்கப்பட்டது. மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் அங்கே முக்கியம். 118 அடி கொள்ளும் அந்த அணை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான் பெருகும். அதனால் பறவைக்காரர்கள் மழை அளவோடு அணை மட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று கூந்தன்குளத்துக்குப் பெயர் வந்தது முக்கியமாக மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவுக்காகவும் நாரைகளுக்காகவும். வலசை வாத்துக்கும் அதில் பங்கு கிடைத்தது.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலச்சிறகிகள் இரவில், வானம் தெளிந்திருக்கும்போது, பின்காற்றைப் பிடித்துப் பறப்பதையே விரும்பும். அடர்மழையும் தாழ்ந்த மேகமும் பயணத்தை நிறுத்தும். குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நின்று, மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு, ஊத்து ஆகிய ஊர்கள் மழை அளவுப் பட்டியலில் முன்னால் நிற்கும் நாட்களில் புது வரவை எதிர்பார்க்க வேண்டாம். தாழ்வு மேற்கே அரபிக்கடலுக்கு நகர்ந்து, வானம் வெளுத்து, வாடைக்காற்று விழும் முதல் இரண்டு மூன்று காலைகளில் குளத்தைப் பாருங்கள். புதிதாக இறங்கியவை களைப்பில் தலையை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு நெருக்கமாகத் தூங்கும். பழையவை சிதறி மேயும். பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தூரத்திலேயே தெரியும்.

வேட்டைக்காரர்கள் பொம்மை வாத்துகளை மிதக்கவிடும்போது காற்று தங்கள் முதுகில் படும்படி உட்காருவார்கள். வாத்து எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்கும்; காற்று முதுகில் இருந்தால் பறவை முகத்துக்கு நேராக வரும். இந்த விதி நெல்லையில் எண்ணுகிறவருக்கு அப்படியே வாய்த்திருக்கிறது. கரை கிழக்கே இருப்பதால் காலையில் வெயிலும் முதுகில், வடகிழக்கிலிருந்து வரும் பருவக்காற்றும் ஏறக்குறைய முதுகில். காற்று பலமாக அடித்தால் கரையே தடுப்பாகி, அதன் ஓரத்துத் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும். வாத்து அங்கே ஒதுங்கும். எனவே பெருங்காற்று நாளில் கரைமேல் நிமிர்ந்து நடந்தால் காலடியிலிருந்தே கூட்டம் கிளம்பிவிடும். கரைச்சரிவின் கீழே நடந்து, தலையை மட்டும் மேலே நீட்டிப் பார்க்க வேண்டும். மாலையில் எண்ணுவதென்றால் கரை எதிர்வெயிலாகிவிடும். உள்வாய்ப் பக்கம் போய்விடுங்கள். மறுகால் பாய்கிற நாளில் மட்டும் எந்தப் பறவைக்காகவும் மறுகால் சுவரைத் தாண்டிப் போக வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீரும் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்க்கும்.

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து சனவரி மாதத்தில் நடக்கிறது. ஏட்ரீ (ATREE) என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் தன்னார்வலர்களைச் சேர்த்து நடத்துவது இது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அதே மாதம்தான். சனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: அதற்குள் மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்தவை ஓர் இடத்தில் நிலைத்திருக்கும், திரும்பிப் போகும் காலம் இன்னும் வந்திருக்காது.

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. நீலச்சிறகிகள் பெரும்பாலும் இரவில் வயலிலும் சேற்றிலும் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் பெரிய குளத்துக்குத் திரும்பி, பகலெல்லாம் நடுத்தண்ணீரில் ஓய்ந்திருக்கும். வெயில் ஏறினால் கானல் அலையில் ஊசிவாலும் தட்டைவாயனும் ஒன்றாகத் தெரியும். தை, மாசிக் காலைகளில் வேறு சிக்கல்: தண்ணீர்மேல் பனிமூட்டம் ஏழரை வரை விலகாது. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று சும்மாவா சொன்னார்கள்? மூட்டத்துக்குள் எண்ணிய கணக்கைக் கணக்கு என்று எழுதாதீர்கள். விலகும்வரை காத்திருங்கள்.

கூட்டம் பெரிதானால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடியுங்கள். அதை வைத்து நூறு எவ்வளவு என்று அளந்து, நூறு நூறாக நகருங்கள். இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் மூன்றாவது முறை எண்ணுங்கள். விளிம்பில் பறவை தளர்வாகவும் நடுவில் நெருக்கமாகவும் இருப்பதால், விளிம்பில் அளந்த நூறை நடுவில் வைத்தால் குறைவாகவே எண்ணுவீர்கள். 8×42 தொலைநோக்கி கையில் இருக்கட்டும். பெரிய குளத்துக்கு முக்காலியில் வைக்கும் ஸ்கோப் இல்லாமல் போனால் இனம் பிரிக்க முடியாது.

அதிகம் நடக்கும் பிழை நாமக்கோழியை வாத்தோடு சேர்த்து எண்ணுவது. வெள்ளை அலகும் நெற்றி நாமமும் பார்த்தால் போதும். நீந்தும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே போகும். அடுத்த பிழை “இங்கே பெட்டை மட்டும்தான் வருது” என்பது. நீலச்சிறகி ஆண் மங்கிய இறகைச் சனவரி வரை களைவதில்லை. புருவத்தின் வெள்ளைக் கீற்று மாசியில்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே சனவரியில் ஆண் பெண் பிரித்து எழுதுவது வீண் வேலை. பறந்துபோகும் ஆணின் முன்சிறகில் இருக்கும் சாம்பல் நீலம் மட்டும் அப்போதும் துப்புக் கொடுக்கும். மூன்றாவது, சேற்றுப்பூனைப் பருந்து. அது ஒரு தரம் தாழப் பறந்தால் குளமே எழும்பி மேற்குப் பக்கம் போய் அமரும். பாதி எண்ணியவர் மறுபாதியை இரண்டு தரம் எண்ணுவார். அப்படி ஆனால் எழுதியதை அடித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்துப் புதிதாகத் தொடங்குவதே முறை.

ஆழத்தையும் படிவத்தில் குறிக்கச் சொல்கிறேன். கருவி ஏதும் வேண்டாம். மடைக்கல்லில் அல்லது மடைப்படியில் எத்தனை படி தெரிகிறது என்று எழுதினாலே போதும். முழு நீரில் எத்தனை சதவீதம், விளிம்பில் சேறு உண்டா, ஆகாயத் தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது என்ற மூன்று குறிப்பும் சேர்ந்தால் வருடத்துக்கு வருடம் ஒப்பிட வழி பிறக்கும். ஆகாயத் தாமரை மூடிய குளத்தில் வேலம்பாசி வெளிச்சமில்லாமல் சாகும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் பிழைத்துக்கொள்ளும். மேல்நீரில் மேயும் வாத்துக்கு இறங்க இடமிருக்காது.

மாசி பிறந்து வெயில் ஏறும்போது சுருங்கும் குளத்தில் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. அது பொட்டுலிசம். அழுகும் பாசியும் செத்த மீனும் கிடக்கும் சூடான, பிராணவாயு குறைந்த தண்ணீரில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரி பெருகி நஞ்சு உண்டாக்கும். நஞ்சு தின்ற பறவைக்கு முதலில் சிறகும் காலும் தளரும், பிறகு கழுத்து தொங்கும். மூச்சு நிற்கும் முன்பே பல பறவைகள் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிச் சாகும். ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 2019 நவம்பரில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் இறந்தது இதனால்தான். செத்த பறவையில் நெளியும் புழு நஞ்சைச் சேர்த்து வைத்திருக்கும், அந்தப் புழுவைத் தின்ற அடுத்த பறவையும் சாகும். ஆகவே முதல் நாலைந்து பிணங்களை எவ்வளவு சீக்கிரம் அகற்றுகிறோமோ அவ்வளவு தூரம் சங்கிலி அறும். வெறுங்கையால் தொடக் கூடாது. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், பார்வையால் பிரித்தறிய முடியாது. கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்லி, மாதிரி எடுத்த பின் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

பிசான அறுவடையும் அந்த நேரத்தில்தான். அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லுக்கு இரவில் நீலச்சிறகியும் சீழ்க்கைச் சிறகியும் வரும். பகலில் மேய்ப்பவர் ஓட்டி வரும் பட்டி வாத்து அதையே வழித்துத் தின்றுவிடும். வீட்டு வாத்துக் கூட்டத்தைக் காட்டு வாத்து தங்கும் குளத்தில் நேரடியாக இறக்காமல் இருந்தால் இரண்டு பக்கமும் நோய் மாறும் வாய்ப்புக் குறையும். விதைப்புக் காலத்தில் நாற்றங்காலில் இறங்கும் சிறகியால் விவசாயிக்கு நஷ்டம் வருவதும் உண்மைதான். நாற்றங்காலில் தண்ணீரை இரவில் வடித்துவிடுவதும், விதையை முளைகட்டிச் சேற்றில் அழுந்தும்படி விதைப்பதும் ஓரளவு காக்கும். தண்ணீர் தேங்கிய நாற்றங்கால்தான் அவற்றை அழைக்கிறது.

பங்குனி நெருங்கித் தெற்கிலிருந்து காற்று மாறும்போது, அந்தியில் நீலச்சிறகிக் கூட்டம் காரணமில்லாமல் எழும்பி, குளத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி அமரும். நாலைந்து நாள் இப்படி ஆடிவிட்டு, தெளிந்த ஓர் இரவில் போய்விடும். மறுநாள் காலை மிஞ்சுவது புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் குள்ளத் தாராவும். அவை இங்கேயே இருப்பவை. மார்ச் பாதிக்கு மேல் எடுத்த கணக்கைச் சனவரிக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்து “குறைந்துவிட்டது” என்று எழுதிய அறிக்கை கையில் கிடைத்தால், முதலில் தேதியைப் பாருங்கள்.